பாஸ்கோவின் பானெட்

பாஸ்கோவின் பழைய ஹோல்டன் கார் வாசலில் வந்து நின்றபோது நோலீன் அடுப்படியில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்க்காமலேயே ஆள் கோபமாக வந்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டது. அத்தனை வயதான வண்டியின் கதவை எவனாவது அப்படி அறைந்து சாத்துவானா? அதுவும் பாஸ்கோ. பர்ரா வட்டாரத்துப் பழைய கார் சங்கத்தின் தலைவர். தூங்குகிற பிள்ளை இருக்கிற அறைக்கதவைச் சாத்துகிற மாதிரிதான் கார்க் கதவைச் சாத்துவார்.

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வடக்கே மலைப்பக்கம் மேகம் கறுத்துத் தொங்கியது. அவள் புருஷன் கெல்வின் அதற்குள் கொட்டகையிலிருந்து வந்து, தலையெல்லாம் வெள்ளைப் பொடியோடு வண்டி முன்னால் நின்றிருந்தான்.

"குனிஞ்சு பாரு கெல்வின். வெளிச்சத்துக்கு நேரா வச்சுப் பாரு," என்றார் பாஸ்கோ.

குனியவே தேவையில்லை. பானெட்டின் நடுவில், பாலேட்டு நிறப் பெயிண்டில், அம்மை போட்டதுபோலக் கொப்புளங்கள் எழும்பியிருந்தன. பாஸ்கோ நகத்தால் ஒன்றைக் கிள்ளினார். பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது. அடியில் இரும்பு பளபளவென்று இருந்தது, ஒரு புள்ளி துரு கிடையாது.

"மொதல்ல ஜேம்ஸ்டவுன்காரனோட மட்கார்டு. அப்புறம் ஹார்வியோட கதவு. இப்ப என்னோடது. என்னதான் நடக்குது இங்க?"

"திரும்ப அடிச்சுத் தர்றோம் பாஸ்கோ. உங்களுக்கு ஒரு செலவும் கிடையாது."

"நான் செலவைக் கேட்டேனா? வர்ற மாசம் எம்மவ கல்யாணம். இந்த வண்டியிலதான் சர்ச்சுக்குப் போவேன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறா. சங்கத்துல நான் இன்னும் வாயைத் தொறக்கல. என்னைத் தொறக்க வச்சிராதீங்க."

பானெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, என்ஜினை ஊர் பார்க்கத் திறந்து போட்டபடி வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். அவர் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று நோலீனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பர்ராவிலிருந்து போர்ட் அகஸ்டா வரைக்கும் பழைய வண்டி வைத்திருக்கிற ஒருத்தன்கூட இந்த வில்காரா ஊர்ப் பக்கம் திரும்ப மாட்டான். கெல்வினும் அவள் தம்பி டார்சியும் ஆளுக்கொரு பக்கம் போவார்கள். போனவர்கள் சும்மா போக மாட்டார்கள், ஒருத்தனை ஒருத்தன் திட்டிக்கொண்டே போவார்கள். அப்பாவை விட்டால் அவளுக்கென்று பக்கத்தில் இருக்கிற மனிதர்களே அவ்வளவுதான்.

பழைய வண்டிகளுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கிற வேலை மூன்று பேர் கையில் இருந்தது. பழைய பெயிண்டை உரிப்பது கெல்வின். மணலால் அடித்தால் மெல்லிய தகடு சூடேறி நெளிந்துவிடும். அதனால் இந்த மாதிரி வண்டிகளுக்குச் சோடாப் பொடிதான். ஆப்பத்துக்குப் போடுகிற அதே சோடா, கொஞ்சம் பருமணி. கம்ப்ரஸர் உறும, முகமூடி மாட்டிக்கொண்டு அவன் குழாயைப் பிடித்தால் கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. முதலில் மேலே இருக்கிற நீலம் போகும், அப்புறம் எவனோ இடையில் அடித்த பச்சை, அப்புறம் அசல் நிறம், அதற்கும் அடியில் சாம்பல் பூச்சு. கடைசியில் வெறும் இரும்பு. பொடி பறந்து விழுந்த மண்ணில் புல் முளைக்காது. கொட்டகையைச் சுற்றித் தரை மொட்டையாகவே கிடந்தது.

அடுத்தது நோலீன். சோடா கொஞ்சம் தங்கினாலும் மேலே அடிக்கிற பெயிண்ட் பிடிக்காது. வினிகர் கலந்த வெந்நீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, மடிப்புக்குள் காற்றடித்து உலர்த்தி வைக்க வேண்டும். அவள் கையில் எந்நேரமும் வினிகர் வாடைதான். அவள் ஊர் மதுக்கடைக்குள் நுழைந்தால், "வினிகர் போட்ட மீன் வறுவல் வந்தாச்சு, தட்டெடுங்கப்பா" என்று கேலி பண்ணுவார்கள்.

மூன்றாவது டார்சி. அவன் பெயிண்ட் அடிப்பதைப் பார்த்தால் சண்டைக்காரனும் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பான். ஆனால் மழைநாளில் அவன் பெயிண்ட் துப்பாக்கியைத் தொட மாட்டான். ஈரக் காற்றில் அடித்தால் பெயிண்ட் வெள்ளை பூத்துப்போகும். வானம் வெளுக்கும்வரை கழுவிய தகடுகள் கொட்டகையில் வெறும் உடம்போடு நிற்கும். இந்த வருஷம் குளிர்காலம் முழுக்க நசநசவென்று தூறல்தான்.

பாஸ்கோ போன கொஞ்ச நேரத்தில் டார்சி வந்ததும் கொட்டகை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டது.

"எங்கிட்டருந்து போறப்ப தகடு கழுவி வச்ச சாப்பாட்டுத் தட்டு மாதிரி போகுது மாப்ள," என்றான் கெல்வின். "அதுக்கு மேல என்ன நடக்குதுன்னு உனக்குத்தான் வெளிச்சம்."

"எனக்கு நல்லாவே வெளிச்சம் மச்சான். மடிப்புக்குள்ள சோடா நிக்குது. ஈரம் பட்டதும் பொங்குது. நான் என்ன, ஊதியா எடுக்க முடியும்?"

"அடிக்கிறதுக்கு முன்னாடி தின்னர் போட்டுத் தொடைக்கிறியா நீ?"

"சோடா அடிச்ச தகட்டுல பிசுக்கே இருக்காது, தின்னர் தண்டம்னு சொன்னது யாரு? உங்க வாயாலதான் சொன்னீங்க. இந்த எடத்துல நின்னுதான் சொன்னீங்க."

"சொன்னேன். இப்பவும் சொல்றேன். பிசுக்கு இருக்காது."

"அப்ப சோடாதான். ஒழுங்கா கழுவல."

சொன்ன பிறகுதான் யார் கழுவுகிறார்கள் என்பது டார்சிக்கு உறைத்தது. இரண்டு பேரும் திரும்பி நோலீனைப் பார்த்தார்கள்.

"பாருங்க, நல்லா பாருங்க," என்றாள் நோலீன். "ரெண்டு பேரும் வாய்ச்சண்டை போட்டு, கடைசில அடி விழறது என் முதுகுலயா?"

"உன்னை யாரு சொன்னா அக்கா."

"பேரைச் சொல்லாம சொன்னா அது சொன்னதாகாதாடா?"

உள்ளே, ஹீட்டருக்குப் பக்கத்தில் அவள் அப்பா கிளாரி உட்கார்ந்திருந்தார். எண்பது தாண்டியவர். சின்ன வயதிலிருந்து ஆடு ரோமம் கத்தரித்தே முதுகு வளைந்து, இப்போது நாலுகால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடை. சன்னல் திறந்திருந்தது, சண்டை முழுக்கக் காதில் விழுந்திருக்கும். நோலீன் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "என்னவாம் அவனுங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"பெயிண்ட் நிக்கலியாம்ப்பா."

"நிக்காட்டி இன்னொரு வாட்டி அடிக்கட்டும். எங்க ஓடிப்போகப் போறானுங்க," என்று சொல்லிவிட்டுத் தேநீரை ஊதினார்.

கெல்வின் நல்லவன்தான். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரு சந்தேகம் மண்டைக்குள் நுழைந்துவிட்டால் அதைச் சோறு போட்டு வளர்ப்பான். பத்து மணித் தேநீருக்கு வந்தவன் பிஸ்கட்டைத் தொடவில்லை.

"அந்த பிரிஸ்பேன்காரன் ஞாபகம் இருக்கா உனக்கு? போன கார் கண்காட்சிக்கு வந்தானே, வெள்ளைத் தொப்பி."

"இருக்கு. டார்சி அடிச்ச வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தான்."

"வந்தவன் நம்பர் வாங்கிட்டுப் போயிருக்கான். வேலைக்கு வான்னு இவங்கூட போன்ல பேசுறான். மதுக்கடைல எல்லாருக்கும் தெரியுது, நமக்குத்தான் தெரியல."

"பேசுனா பேசட்டுமே."

"நோலீன், நீ யோசிச்சுப் பாரு. சும்மா விட்டுட்டுப் போனா ஊரு இவனைத்தான் பேசும். அக்கா புருஷனைக் கைவிட்டுட்டான்னு பேசும். வேலை தானா கெட்டுப்போச்சுன்னா? நல்ல பிள்ளையா கைகுலுக்கிட்டுப் போயிடலாம்."

"எந்தம்பி தான் அடிச்ச பெயிண்டைத் தானே கெடுப்பானா? என்ன பேசுற நீ?"

"நான் பேசல. கொப்புளம் பேசுது."

தம்பி அப்படிப்பட்டவன் இல்லை என்று நெஞ்சில் அடித்துச் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

மத்தியானம் வினிகர் கேன் வாங்க டார்சியின் வண்டியில் போனாள். சாலையின் இரண்டு பக்கமும் கோதுமை முழங்கால் அளவு பச்சை. ஆடுகள் மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. பாதி வழியில் டார்சி வண்டியின் வேகத்தைக் குறைத்தான். அப்புறம் ஆரம்பித்தான்.

"அக்கா, கோவிச்சுக்காத. மச்சான் இப்ப வாங்குற சோடா மூட்டையைப் பாத்தியா? பேரே இல்லாத மூட்டை."

"பழைய சரக்கு கிடைக்கலன்னு சொன்னாரே."

"கிடைக்கலியா, வேண்டாம்னு விட்டாரா? நான் போயிட்டா போர்ட் பிரியில இருக்குற அவரோட சித்தப்பா பையனைக் கொண்டாந்து வச்சுக்கலாம்ல. அவனும் பெயிண்ட்டருதான். என்னை நேரா போன்னு சொல்ல வாய் வராது. அதான் என் கையில அசிங்கம் பண்ணிப் போடுறாரு."

"ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு."

"இருக்கட்டும். எனக்கு ஒண்ணுதான் தெரியணும். இது என் கைத்தப்பா, வேற ஒருத்தன் பண்றதா? என் கைத்தப்புன்னா நான் துப்பாக்கியைத் தூக்கிப் போட்டுட்டு ஆடு மேய்க்கப் போயிடுறேன்."

"நீ பிரிஸ்பேனுக்குப் போறியாமே?"

வண்டி லேசாக ஓரம் போய்த் திரும்பியது. "யாரு சொன்னா?" என்றான். மேலே கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. வீட்டில் ஏற்கெனவே ஒருத்தன் போனவன் இருக்கிறான். பெரிய தம்பி மால்கம், பெர்த்துப் பக்கம் சுரங்க வேலைக்கென்று போனவன், அம்மா சாவுக்குக்கூடப் பூவளையம்தான் அனுப்பினான். அப்பா அவன் பேரையே எடுப்பதில்லை.

மறுநாள் கெல்வின் பாஸ்கோவின் பானெட்டில் மறுபடி சோடா அடித்தான். டார்சி குறுக்கே கை கட்டிக்கொண்டு நின்று பார்த்தான், வேலைக்காரனை மேஸ்திரி பார்ப்பதுபோல. கெல்வினும் விடவில்லை, ஒவ்வொரு மடிப்பையும் அவன் முகத்துக்கு நேரே திருப்பித் திருப்பிக் காட்டினான். அப்புறம் நோலீன் கழுவினாள். அவள் பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சரிடம் கேட்டு லிட்மஸ் தாள் வாங்கி வைத்திருந்தாள். சோடா தங்கியிருந்தால் நீலமாகிவிடும் என்று ஈரத் தகட்டில் வைத்துப் பார்த்தாள். நிறம் மாறவில்லை. மடிப்புக்குள் விட்டுப் பார்த்தாள். அங்கேயும் மாறவில்லை.

"இந்தா, ரெண்டு பேரும் பாத்துக்கங்க. கழுவுறவ தப்பில்ல. இனிமே என்னைப் பாக்காதீங்க."

இரண்டு பேரும் தாளைப் பார்த்துவிட்டு ஒருத்தனை ஒருத்தன் பார்த்தார்கள். அவளைக் கழித்தாயிற்று. மிச்சம் இரண்டே பேர்.

வானம் பிடிவாதமாகத் தூறியது. பானெட் அன்றைக்கு வெறும் இரும்பாகக் கொட்டகையில் நிற்க வேண்டியதுதான். டயர்க் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கெல்வின் கிளம்பினான். பல்வலி, ஊருக்குள் இருக்கிற தன் அறைக்குப் போய்ப் படுக்கிறேன் என்று டார்சி கிளம்பினான். இரண்டு வண்டியும் போன சத்தம் கேட்டது. நோலீன் துணி துவைக்கிற அறைக்குள் போய், சன்னல் கண்ணாடிப் பட்டைகளைத் திருப்பி, கொட்டகை வாசலை நோக்கி உட்கார்ந்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. சொந்தப் புருஷனையும் கூடப் பிறந்தவனையும் திருடனைப் பிடிக்கிற மாதிரி வேவு பார்க்கிற பிழைப்பு. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு தொப்பி அசைந்தது. கெல்வினுடைய தொப்பி. டயர்க் கடைக்குப் போனவன் வண்டியை எங்கேயோ விட்டுவிட்டு நடந்து வந்து, தொட்டி மறைவில் குந்தியிருந்தான். ஆனால் அவன் கொட்டகைக்குள் போகவில்லை. அவனும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம், இங்கே மிளகு மரம் என்று சொல்கிற மரத்தடியில், தாழ்ந்து தொங்கிய கிளைக்குக் கீழே இரண்டு பூட்ஸ் தெரிந்தன. பெயிண்ட் சிந்திய பூட்ஸ். பல்வலிக்காரன்.

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. மூன்று கழுதை வயது ஆன மூன்று பேர், மழையில் ஒளிந்துகொண்டு ஒருத்தரை ஒருத்தர் பிடிக்கப் பார்க்கிறார்கள். யாராவது வெளியாள் பார்த்தால் போலீசுக்குச் சொல்வான்.

நேரம் போயிற்று. நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது. அப்பா சட்டத்தைத் தரையில் ஊன்றி ஊன்றி, நாயிடம் ஏதோ சொல்லிக்கொண்டு முற்றத்தைக் கடந்தார். காக்கட்டூக் கிளிக் கூட்டம் ஒன்று கத்திக்கொண்டு பறந்தது. அப்பா திரும்பி வந்தார். தொப்பி அசையவில்லை, பூட்ஸ் அசையவில்லை. கடைசியில் குளிர் தாங்காமல் தொப்பி நழுவிப் போனது. பூட்ஸும் போயின. ஒருத்தரும் கொட்டகைக்குள் போகவில்லை என்று நோலீன் நிம்மதியாக எழுந்தாள்.

எழுந்தவள் அப்படியே நின்றாள். அப்பா எங்கேயிருந்து திரும்பி வந்தார்? கண்ணெதிரே போன அவரை யாரும் ஓர் ஆளாகவே எண்ணவில்லை.

கொட்டகைக்கு ஓடினாள். பானெட் மரக்கட்டைகள் மேல் சாய்ந்து நின்றது. உள்ளங்கையை வைத்தாள். வழுக்கியது. முகர்ந்து பார்த்தாள். ஆட்டு வாடை.

இந்தப் பக்கத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஆயுதச் சாமான் பக்கத்தில் கழுவாத ஆட்டு ரோமம் ஒரு பிடி கிடக்கும். கத்தரி, மண்வெட்டி, ரம்பம் எது ஆனாலும் வேலை முடிந்ததும் அதால் ஒரு துடை. ரோமத்தில் இருக்கிற பிசுக்கு இரும்பைத் துரு அண்ட விடாது. அவளே சின்னப் பிள்ளையில் துடைத்திருக்கிறாள். அந்தப் பிசுக்கு மேல் பெயிண்டும் பிடிக்காது, எவ்வளவு எளிதான விஷயம். மழை நாளில் வெறும் இரும்பு நிற்கிறதைப் பார்க்கப் பொறுக்காமல் மனிதர் துடைத்து வைத்திருக்கிறார். இரண்டு தடியன்கள் இதற்காகவா கழுத்தைப் பிடிக்கப் போனார்கள்.

அப்பா தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்து ஈரச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கொட்டகைக்குப் போனியாப்பா?"

"போனேன்."

"பானெட்டைத் தொடைச்சியா?"

அவர் செருப்பையே பார்த்தார். "வெறும் இரும்பு புள்ள. இந்த ஈரத்துல துருப் பிடிச்சிராதா?"

அதற்கு மேல் அவளுக்குக் கேட்க மனசு வரவில்லை. கீழே உட்கார்ந்து மற்றச் செருப்பைத் தானே கழற்றினாள். இந்த விஷயம் தெரிந்தால் அவனுங்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும். கெல்வின் வாய்விட்டுச் சொல்ல மாட்டான், மூஞ்சியில் காட்டுவான். டார்சி கொட்டகைக்குப் பூட்டு வாங்கிப் போடுவான். கிழவருக்குத் தன் வீட்டிலேயே ஒரு பூட்டு. நூறு ஆட்டுக்கு மேல் ஒரு நாளில் கத்தரித்த கை என்று மாவட்டமே பேசின மனிதருக்கு. வேண்டாம். யாராவது ஒருத்தர் முட்டாள் ஆகித்தான் தீர வேண்டும் என்றால் நான் ஆகிறேன் என்று முடிவு பண்ணிக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஆட்டுத்தொடை வறுவல், சுட்ட பூசணி, உருளைக்கிழங்கு, புதினாக் குழம்பு. கெல்வின் மேசையின் ஒரு கோடி, டார்சி மறு கோடி. உப்பு வேண்டும் என்றால்கூட ஒருத்தன் இன்னொருத்தனிடம் கேட்காமல் எழுந்து போய் எடுத்தான். அப்பா பேசாமல் கறியைச் சின்னச் சின்னதாக நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொல்லணும்," என்றாள் நோலீன். "தப்பு என்னுது."

யாரும் நிமிரவில்லை.

"மழை நாள்ல தகடு வெறுமனே நிக்குதே, துருப் பிடிக்குமேன்னு, கழுவி முடிச்சதும் ஆட்டு முடியால ஒரு தொடை தொடைச்சு வச்சேன். மட்கார்டு, கதவு, பானெட் எல்லாத்துக்கும். நேத்தும் தொடைச்சேன். போய்த் தொட்டுப் பாருங்க."

கெல்வினின் கத்தி நடுவழியில் நின்றது. "ஆட்டு முடியாலயா?"

"ஆமா."

"பெயிண்ட் அடிக்கப்போற தகட்டையா?"

"ஆமான்னா ஆமா. எத்தனை வாட்டி கேப்ப?"

முதலில் டார்சிதான் சிரித்தான். அப்புறம் கெல்வின். பிறகு இரண்டு பேரும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

"லிட்மஸ் தாள்ல்லாம் வாங்கியாந்து காட்டினாளேடா மாப்ள. இன்ஸ்பெக்டர் மாதிரி நின்னா."

"கழுவுறவ தப்பில்லன்னு பத்திரம் எழுதிக் குடுக்காத குறை மச்சான்."

"நான் தொட்டிக்குப் பின்னால நனைஞ்சு சளி பிடிச்சதுதான் மிச்சம்."

"நீங்களும் அங்கதான் இருந்தீங்களா? நான் மரத்தடியில இருந்தேன்."

அதற்கும் ஒரு சிரிப்பு. நோலீன் பேச்சை வாங்கிக்கொண்டு பூசணியைப் பரிமாறினாள். எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கட்டும். எத்தனை நாள் ஆயிற்று இந்த மேசையில் இரண்டு பேர் ஒன்றாகச் சிரித்து. மனசு லேசாகிவிட்டது அவளுக்கு.

டார்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டைத் தள்ளி வைத்தான்.

"இப்ப சொல்லலாம். மச்சான், அக்கா, அப்பா, எல்லாரும் கேளுங்க. பிரிஸ்பேன்காரன் என்னைக் கூப்பிட்டது நெசம். பெரிய பட்டறை. பெயிண்ட் செக்ஷன் முழுக்க என் பொறுப்புல விடுறேங்கிறான். நான்தான் பதில் சொல்லாம இழுத்துட்டிருந்தேன். இங்கேயே என் பெயிண்ட் உரியுது, அங்க போய் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது? என் கையில கோளாறோன்னு தூக்கமே இல்ல. அக்கா, நீ இன்னைக்கு எம் வயித்துல பாலை வார்த்த. பாஸ்கோ வண்டியை முடிச்சுக் குடுத்துட்டு நான் கிளம்புறேன்."

கெல்வின் கத்தியைத் தட்டில் வைத்தான். அப்புறம் எழுந்து போய்த் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். "நேரா சொல்லியிருக்கலாம்லடா. நான் என்னென்னமோ நெனைச்சேன். அந்தக் கை இந்த ஊருக்குள்ளயே கிடக்கவும் கூடாதுதான். வா, பானெட்டை ரெண்டு பேருமா முடிப்போம்."

இரண்டு பேரும் தோள் இடித்துக்கொண்டு வெளியே போனார்கள். கம்ப்ரஸர் உறுமத் தொடங்கியது. மேசையில் அப்பாவும் நோலீனும் மட்டும் இருந்தார்கள். அவர் தட்டில் நறுக்கிய கறி அப்படியே இருந்தது.

"உன்னை யாரு குறுக்க பேசச் சொன்னா?" என்றார் அப்பா.

"என்னப்பா?"

"கேக்குறேன்ல. யாரு சொன்னா?"

"உன்னைக் காட்டிக்குடுக்க வேண்டாம்னுதான்ப்பா. நீ நல்லதுக்குத்தான் பண்ண. தெரியாம பண்ண."

"தெரியாமயா?" அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "பன்னெண்டு வயசுலருந்து ஆட்டு முடியில கெடந்தவன் நான். பிசுக்குப் பட்ட இரும்புல பெயிண்ட் நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா?"

நோலீன் எழுந்து பின்கதவைச் சாத்தினாள்.

"இவன் அந்த பிரிஸ்பேன்காரங்கிட்டப் போன்ல பேசுனான். மரத்தடியில நின்னு பேசுனான், என் சன்னலுக்கு நேரா. கெழவனுக்குக் காது கேக்காதுன்னு நெனைச்சிட்டான். என் கை நல்லா இருக்குற வரைக்கும் எங்கயும் பொழைச்சுக்குவேன்னு அவங்கிட்டச் சொல்றான். சரி, கை நல்லா இல்லன்னா இருப்பான்ல."

"அவனுங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டுச் சாகப் பாத்தானுங்களேப்பா. என் வீட்டுக்காரர் ராத்தூக்கம் கெட்டுத் திரிஞ்சாரு. நான் எந்தம்பியையே சந்தேகப்பட்டேன்."

"சண்டை போட்டாலும் இங்கதான போட்டானுங்க." என்றார் அவர். "பெர்த்துக்குப் போனவன் சண்டையா போட்டான்? சிரிச்சுக்கிட்டே போனான். கைய ஆட்டிக்கிட்டே போனான். எங்க வந்தான்?"

அவளுக்கு வந்த கோபத்துக்கு மேசையையே புரட்டிப் போட்டிருப்பாள். போடவில்லை. ஏனென்றால் டார்சி கிளம்புகிறேன் என்று சொன்ன நொடியில், ஐயோ, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று அவளுக்கும்தான் தோன்றியது. அதை அப்பாவிடம் எப்படி மறைப்பது? அவர் அவளைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். பானெட் பிசுக்குப் போக மறுபடி சோடா அடித்துத் தயாராக இருந்தது. அதே வெந்நீர், அதே வினிகர். ஒன்றுக்கு இரண்டு தடவை அலசினாள். டார்சி பக்கத்தில் நின்று காற்றடித்து உலர்த்திக் கொடுத்தான். வானத்தைப் பார்த்து, "நாளைக்குக் காலைல வெளுத்துரும்க்கா. வந்து தின்னர் போட்டுத் தொடைச்சு மொதல் கோட்டு அடிச்சிடுறேன்," என்றான். கெல்வினும் அவனும் ஒரே வண்டியில் ஏறி மதுக்கடைக்குப் போனார்கள்.

தின்னர் போட்டுத் துடைப்பான்தான். ஆனால் அப்பா மறுபடி வந்து மடிப்புக்குள் திணித்து வைக்கிற பிசுக்கைத் தின்னரா எடுக்கும்? அடிப்பக்கம் தேய்த்து வைத்தால் எவன் பார்ப்பான்? பாஸ்கோ மகள் சர்ச்சுக்குப் போகிற அன்றைக்குக் கொப்புளம் கிளம்பினால் போதும், பிரிஸ்பேன் வரைக்கும் பேச்சுப் போய்விடும். நோலீன் அடுப்படியிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து, கொட்டகை வாசலின் குறுக்கே போட்டு, வீட்டைப் பார்க்க உட்கார்ந்தாள்.

தூறல் விட்டிருந்தது. சாயங்கால வெயில் மலைச்சரிவில் லேசாக விழுந்தது. கொஞ்ச நேரத்தில் பின்கதவு திறந்தது. அப்பா சட்டத்தை ஊன்றி ஊன்றி மொட்டைத் தரையைக் கடந்து வந்தார். மேல்சட்டைப் பை புடைத்து, ஆட்டு முடி வெளியே தெரிந்தது. அவள் முன்னால் வந்து நின்றார்.

"நகரு புள்ள."

"நகர மாட்டேன்ப்பா."

"அவன் போயிடுவான்."

"தெரியும்."

"போனா வர மாட்டான்."

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சுமா உக்காந்திருக்க?"

கண்ணில் நீர் கட்டிக்கொண்டு வந்தது, துடைக்கக் கை போகவில்லை. இரண்டு கையும் கதவு நிலையைப் பிடித்திருந்தன. அப்பா நின்றே இருந்தார்.

"ரொம்ப நேரம் நிக்க முடியாது என்னால," என்றார் கடைசியில்.

அவள் எழுந்து தன் நாற்காலியை அவருக்குத் தள்ளினாள். அவர் உட்கார்ந்ததும், கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.